அத்தை தோள்

சௌக்கியமா இருக்கீங்களா கண்ணுங்களா? இதைக் கேளுங்க.

வெயிலும் புழுக்கமுமான நாட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு போய் இறங்கினாள் ஒருத்தி. வேர்த்து வீறிட்ட குழந்தை அம்மா தூக்கியும் அடங்கவில்லை. அத்தை தோளில் சாய்ந்ததும் கப்சிப்.

"பாத்தீங்களா அண்ணி? ரத்தம் பேசுது!"

"பெத்தது நான், பேசுறது உன் ரத்தமா?" சிரித்துக்கொண்டே கேட்டாலும் அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாளும் அதே கதை. மனசு பொறுக்காமல் சமையலறைப் பக்கம் போனாள். உள்ளே நாத்தனார், பிரிட்ஜிலிருந்து ஈரத்துண்டை எடுத்துத் துப்பட்டாவுக்கு அடியில் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! இதுதானா நீ சொன்ன ரத்தம்?"

"அண்ணி... அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லல. இன்னொரு துண்டு இருக்கா?"

உங்க வீட்டுக் குழந்தை யார்கிட்ட ஒட்டிக்கிச்சு? எனக்கு எழுதுங்க.