எதிரிக்கும் ஒரு ஜெபம்

போதகர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்திவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்க்கிறார். சன்னல் வெயில் அவருடைய அங்கியில் பாதியை நனைக்கிறது. ஆர்கன் முன் உட்கார்ந்திருக்கும் மனைவி அவர் உதடுகளையே பார்க்கிறாள். போர் தொடங்கியதிலிருந்து எதிரிச் சிப்பாய்களுக்காகவும் ஜெபிக்கச் சொன்னவர் அவர். இனிச் சொன்னால் சிறைதான் என்று போலீஸ் மிரட்டியதும் போன ஞாயிறு அதை விழுங்கிவிட்டார். இன்று இன்ஸ்பெக்டரே கடைசி பெஞ்சில் இருக்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. "அந்தப் பக்கம் சாகிறவங்களும் ஆண்டவரோட பிள்ளைங்கதான். அவங்களுக்காகவும் ஜெபிப்போம்," என்கிறார் போதகர். "என் பையன் எல்லையில நிக்கிறான். இவரு யாருக்கு ஜெபம் பண்றாரு பாரு!" என்று ஒருவர் எழுந்து போகிறார். பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன, பாதிக் கூட்டம் வெளியேறுகிறது. மனைவிக்கோ அப்பாடா என்றிருக்கிறது. பாட்டை வாசிக்கிறாள், ஒரு கட்டைகூடப் பிசகவில்லை. ஆராதனை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து, "போலாமா, ஐயா?" என்கிறார். போதகர் மனைவி பக்கம் திரும்பி, "வீட்ல சாப்பிட ஏதாச்சும் இருக்கா? பயங்கரமா பசிக்குது," என்கிறார். ஒரு வாரமாகத் தட்டைத் தள்ளிவைத்த மனுஷன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "இருக்கு, வாங்க. சாரையும் கூட்டிட்டு வாங்க. காலையிலேருந்து உங்க மூஞ்சியவே பாத்துட்டு உட்கார்ந்திருக்காரு, பாவம்."