அம்மாவுக்குக் கிடைத்த அறை

விடுமுறைக்கு ஹோட்டலில் தங்க, இரண்டு அறை கொண்ட சூட்தான் வேண்டுமென்று பேருந்து ஓட்டுநரின் மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "அத்தை விடுற குறட்டைக்கு ஒரே ரூம்ல எப்படிங்க தூங்குறது?"

"ஊரைச் சுத்தப் போறோமா, ரூமைச் சுத்தப் போறோமா?" என்று அவர் ஒரே அறை கொண்ட ஸ்டுடியோவையே பிடித்தார்.

போய்ப் பார்த்தால், அலமாரியை ஒட்டி ஒரு கதவு. அதற்குள் ஜன்னலோடு இன்னொரு படுக்கையறை. அம்மாவை அங்கே படுக்கவைத்தார். நான்கு நாளும் எல்லோருக்கும் நல்ல தூக்கம். "அசத்திட்டீங்க!" என்றாள் மனைவி.

கிளம்பும் காலையில், காரில் பெட்டியை ஏற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். அவர்களுடையது மாடியின் கடைசி அறை. அதன் அலமாரிப் பக்கம் கட்டடமே முடிந்து, வெறும் வானம்தான் இருந்தது.

"ஐயோ, ஜன்னல்ல காயப்போட்ட துண்டை விட்டுட்டேனே!" என்றார் அம்மா.

சுவரைத் தாண்டி, அந்தரத்தில், மஞ்சள் துண்டு வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது.