கட்டுக்கு இருபது

பண்பாட்டுத் துறை அதிகாரி பாங் எங்கள் அச்சகத்தின் மூலையில் அடுக்கியிருந்த கட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்துநான்கு.

ஒவ்வொரு கட்டின் மேலும் நாங்கள் ஒட்டிய சீட்டு இருந்தது: நுழைவுத் தேர்வுக் கணிதப் பயிற்சி, இருபது பிரதிகள்.

கூட வந்த பெண் அதிகாரி பெருக்கி எழுதினாள். நானூற்று எண்பது.

புத்தகம் பெய்ஜிங்கில் இருக்கும் ஒரு பதிப்பகத்துடையது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சடித்திருந்தோம். ஒரு பிரதிகூட இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

மற்றபடி நாங்கள் கல்யாண மிட்டாய்ப் பெட்டி அடிப்பவர்கள். இந்த வருஷம் ஊரில் கல்யாணமே குறைந்துவிட்டது. வேறென்ன செய்வது?

எங்கள் தெரு முழுக்க அச்சகங்கள். ஐந்நூறு என்ற எண் இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

திருட்டுப் பிரதிகள் அதற்குக் கீழே என்றால் பண்பாட்டுத் துறை அபராதம் போட்டுச் சரக்கை அள்ளிக்கொண்டு போகும். பதிப்பகம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும். வீட்டை விற்றாவது சமாளித்துவிடலாம்.

ஐந்நூறைத் தொட்டால் கோப்பு போலீசுக்குப் போய்விடும். மூன்று வருஷம் வரை உள்ளே.

அதனால்தான் என் வீட்டுக்காரர் வென் தாவ்ஹாய் நானூற்று எண்பதுக்கு மேல் ஆர்டர் வாங்கவில்லை.

அவர் சிகரெட்டை நீட்டினார். பாங் தன் நெஞ்சில் மாட்டியிருந்த கேமராவைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார். அதில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

பிறகு படிவத்தை நீட்டினார். கையெழுத்தும் சிவப்பு மையில் விரல் ரேகையும் வேண்டும்.

சீக்கிரம் வைத்துத் தொலையுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். கட்டுகள் இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

தாவ்ஹாய் கையெழுத்துப் போட்டார். விரலை மையில் தோய்த்தார்.

அந்த நேரம் பார்த்து பாங் ஒரு கட்டைக் காலால் நகர்த்திச் சிரித்தார்.

"வென் முதலாளி, புத்தகமே திருட்டு. சீட்டுல போட்ட கணக்காவது நெசமா? பதினெட்டைக் கட்டிட்டு இருபதுன்னு ஒட்டுற ஆளுங்கதானே நீங்கெல்லாம்!"

தாவ்ஹாயின் காது சிவந்தது. அபராதம் என்றபோதுகூடச் சிவக்காத காது.

"ஐயா, திருடன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். அதை மட்டும் சொல்லாதீங்க. இருபது வருஷமா மிட்டாய்ப் பெட்டி அடிக்கிறேன், ஒண்ணு குறையுதுன்னு எவனாவது வந்து நின்னிருக்கானா? கசங்கினது கிசங்கினது இருந்தா மாத்திக்கட்டும்னு கட்டுக்கு ஒண்ணு கூடத்தான் வைப்பேன். பிரிச்சு எண்ணுங்க, இருபத்தொண்ணு இருக்கும்!"

பாங்கின் சிரிப்பு நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமா."

சொன்னார். கேமராவுக்கு நேராக நின்று, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அதுவும் பதிவாகும் என்ற பயத்தில் கை எழவில்லை.

கயிறு அறுக்கும் கத்தியையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

முதல் கட்டு பிரிந்தது. இருபத்தொன்று.

இரண்டாவது. இருபத்தொன்று.

பெண் அதிகாரி நானூற்று எண்பதின் மேல் ஒரு கோடு போட்டாள். பாங் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போலீஸ் நிலையத்தின் பெயர் என் காதில் விழுந்தது.

மூன்றாவது கட்டு பிரிவதற்குள் நான் மனதுக்குள் பெருக்கிவிட்டேன். ஐந்நூற்று நான்கு.

தாவ்ஹாய், பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பெருக்கல் அவருக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.