உள்ளங்கைக்குக் கீழே ஓர் ஆறு

வடகோடிக்கு ராஜா சால்மன் என்னும் பெரிய மீனைப் பிடிக்க வருகிறவர்களுக்கு, படகுக்காரன் நிக்கோலாய் வரைபடத்தை விரித்து இரண்டு ஆறுகளைக் காட்டுவான். மூன்றாவது ஆற்றின்மேல் அவன் உள்ளங்கை படிந்திருக்கும். போன கோடையில் மகன் இல்யாவின் படகு கவிழ்ந்தது அங்கேதான். உடல் கிடைக்கவில்லை.

ஒருநாள் மீன் பிடிக்க வந்த இருவருக்குத் தேநீர் கொண்டுவந்த அவன் மனைவி மத்ரோனா சும்மா இருக்கவில்லை. அவளைத் தப்பாக நினைக்காதீர்கள்.

"கையை எடுங்க. பெரிய மீனெல்லாம் அந்த ஆத்துலதானே ஏறுது?"

"உள்ள போ, மத்ரோனா."

"நீங்க தேடுறதை விட்டுட்டீங்க. இவங்க தூண்டிலாவது தேடட்டுமே." அவள் வந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "ஐயா, முள்ளுல சிவப்புக் கம்பளி மாட்டினா தூண்டில் நரம்பை அறுத்துடாதீங்க. மெதுவா இழுங்க. நான் பின்னின சட்டை."

நிக்கோலாய் வரைபடத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"கிடைச்சுட்டா, அவன் இல்லைன்னு ஆயிடுமேடி."

வந்திருந்தவர்களில் மூத்தவர், முதல் ஆறே போதும் என்றார்.

மத்ரோனா தலையாட்டினாள். "அங்க கொசு ஜாஸ்தி," என்றாள். "முகத்துக்கு வலை எடுத்துட்டுப் போங்க."