மூன்றாவது நட்டு

"என்னை இறக்கிட்டுத்தானே வண்டியை விப்ப? எங்கே, இறக்கு பார்ப்போம்" என்று பெரியவர் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய டீசல் ஜீப், நின்ற இடத்திலேயே குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு பானெட்டைத் தூக்கினான். பெரியவரின் மகன் அவன் காதருகே வந்தான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்குறவர் வர்றார். ஏற்கெனவே ரெண்டு பேர் இந்த உதறலைப் பார்த்துட்டு ஓடிட்டாங்க. வண்டி போனாத்தான் அப்பாவும் அம்மாவும் வீட்டைப் பூட்டிட்டு என்னோட வந்து இருப்பாங்க. இல்லேன்னா அப்பா இதையே சாக்கா வச்சு இங்கேயே உட்கார்ந்திருப்பார்."

"மத்த நாளெல்லாம் தங்கமா ஓடுது. ஆள் பார்க்க வர்றான்னு தெரிஞ்சாத்தான் ஆடுது. அதுக்கும் போக மனசில்லை" என்றார் பெரியவர் உள்ளிருந்தபடியே.

"வித்துத் தொலைங்க. வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது, பழைய இரும்பு" என்று அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவள் கையில் சலவைத்தூள் வாசனை கமகமத்தது. கொடியில் ஒரு துணிகூட இல்லை.

"பாருங்க, அம்மாவே சொல்லிட்டாங்க" என்றான் மகன்.

மெக்கானிக் வேலையைத் தொடங்கினான். என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தித் தளர்த்தி இறுக்கினான். நல்ல சிலிண்டர் என்றால் என்ஜின் இன்னும் தள்ளாடும். படுத்துவிட்டது என்றால் கண்டுகொள்ளாது. முதல் நட்டில் தள்ளாடியது, இரண்டாவதிலும் தள்ளாடியது. மூன்றாவதில் ஸ்பானரை வைத்ததுமே அவன் கை நின்றுவிட்டது. அது ஏற்கெனவே அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

நட்டின் விளிம்பில் புதுக் கீறல் பளபளத்தது. யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள். அவன் இறுக்கினான். உதறல் நின்று, ஜீப் சமர்த்தாக ஓடத் தொடங்கியது. மகன் சந்தோஷமாகப் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான்.

மெக்கானிக் ஜன்னலோரம் குனிந்தான். "ஐயா, நட்டு தானா கழலாது. உங்க வேலைதானே?"

பெரியவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வண்டியை நானே முடமாக்குவேனா? விக்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவன் நான். நாளைக்கும் இந்த சீட்டை விட்டு இறங்க மாட்டேன், போய்ச் சொல்லு அவன்கிட்ட."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஏன்டா இதைச் சரி பண்ணினோம் என்று இருந்தது. கை கழுவக் குழாயடிக்குப் போனான்.

பின்னாலேயே வந்த அம்மா, அவன் கேட்காமலேயே அவன் உள்ளங்கையில் சலவைத்தூளைக் கொட்டினாள். "வெறும் சோப்புக்கு இந்தக் கறை போகாது" என்றாள். மகன் இன்னும் போனில்தான் இருக்கிறானா என்று தெருப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியே தம்பி. நாளைக்கு வேற எதைக் கழட்டட்டும்?"