முன்வரிசை நாற்காலி

பாரிஸ் சதுக்கத்தில் தலை வெட்டும் கில்லட்டின் மேடைக்கு நேர் எதிரே, வேடிக்கை பார்க்கும் பெண்களின், முதல் வரிசையில் பெரீனுக்கு இன்றுதான் இடம் கிடைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பின்னல் ஊசிகளை எடுத்தாள்.

"இது உர்சூலோட இடமாச்சே! நாள் தவறாம வருவாளே, எங்க அவ?" என்று பின்னாலிருந்து கேட்டாள் ஜெர்வேஸ்.

"எனக்கென்ன தெரியும்?"

"சரி, அந்தத் தொப்பியையாவது கழட்டுடி. ஒண்ணுமே தெரியல."

"தெரியணும்னா சீக்கிரமா வந்திருக்கணும்" என்று சிரித்தாள் பெரீன்.

கைதிகளின் வண்டி வந்தது. பிடரி தெரிய முடி வெட்டப்பட்டு அதில் நின்றவள் உர்சூல்.

"ஐயோ! இவ என்னடி பண்ணா?"

"ரொட்டிக்கடைக்காரிய 'குடிமகளே'ன்னு கூப்பிடாம, பழையபடி 'மதாம்'னு கூப்பிட்டாளாம். புரட்சிக்கு விரோதி. யாரோ போய்ச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

பெரீன் குனிந்து பின்னலின் கண்ணிகளை எண்ணத் தொடங்கினாள்.

மேடையேறிய உர்சூல் தன் பழைய இடத்தைப் பார்த்தாள். அங்கே இருந்தவளையும் பார்த்தாள்.

"அங்கேர்ந்து நல்லாத் தெரியுதா, பெரீன்?"

பெரீன் பதறி எழுந்தாள். பிரபுக்கள் வீட்டில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது.

"என்னை மன்னிச்சிடுங்க, மதாம்!"

பின்னால் ஜெர்வேஸின் ஊசிகள் சட்டென்று நின்றன.

"தொப்பி இருக்கட்டும்டி" என்றாள் அவள். "நாளைக்கு அது என்னை மறைக்காது."