சத்தியமாகக் குரங்குதான்

“விரலெல்லாம் ஏன்லே ஊதாவா இருக்கு?”

“இங்க் சார்,” என்றான் கிதிர் முகம்மது. “பேனா ஒழுகுது.”

“மூணு பேருக்குமா ஒழுகுது?”

“ஒரே பேனாதான் சார். மாத்தி மாத்தி எழுதுவோம்,” என்றான் அருளப்பன். சந்தானகிருஷ்ணன் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார். நயா பைசா வந்த மறுவருஷம் அது. தென்காசியில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று, குற்றாலத்தில் சொல்லிவைத்து ஒரு கூடை மங்குஸ்தான் வாங்கியிருந்தார். உரித்தால் விரலில் ஊதாக் கறை ஏற்றிவிடும் பழம். அதிகாரிக்குப் பணம் கொடுத்தால்தான் லஞ்சம். பழம் கொடுத்தால் மரியாதை.

கூடையைத் தூக்கிவரப் போனவர்கள் இந்த மூன்று பேர். கூடையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

“பழம் எங்கலே?”

“குரங்கு பறிச்சிட்டுப் போயிட்டு சார்.”

குற்றாலத்துக் குரங்கின் மேல் யாரும் எந்தப் பழியையும் போடலாம். அது வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் விஷயம் பழத்தோடு நிற்கவில்லை. மூன்று பேரும் மந்திரமூர்த்தி வாத்தியாரின் ‘உலக மதங்கள்’ வகுப்புப் பையன்கள். எல்லா மதங்களையும் படித்தால் பிள்ளைகள் உத்தமர்களாகிவிடுவார்கள் என்று மேலே எழுதிப்போட்டு, அந்த வகுப்பை வாங்கியவர் அவர். அதற்கென்று கொடுத்த தற்காலிக வேலையில்தான் அவர் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

வகுப்பை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று பார்க்கத்தான் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். மூடினால் வாத்தியாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

“நான் அப்பவே சொன்னேன் சார்,” என்றார் தலைமையாசிரியர். “ஒரு மதம் படிச்சவனே யோக்கியமா இல்ல. எல்லா மதமும் படிச்சவன் சும்மா இருப்பானா?”

இன்ஸ்பெக்டர் சந்தானகிருஷ்ணனைக் கிட்டே கூப்பிட்டார். “தம்பி, இந்த வகுப்புல என்ன படிச்சே?”

“அவரவர் வேதம் அவரவரைத்தான் கட்டும் சார். அடுத்தவங்க மேல திணிக்கக் கூடாது,” என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

“பலே!” என்றார் இன்ஸ்பெக்டர்.

வெறுங்கூடையைப் பார்க்கப் பார்க்கத் தலைமையாசிரியருக்கு வயிறு எரிந்தது. “ஒப்பிச்சாப் போதுமா? அவனவன் சாமி மேல சத்தியம் பண்ணட்டும். வண்டவாளம் தெரிஞ்சு போயிரும்.”

சத்தியத்துக்கு வேண்டிய சாமான்களுக்கு அந்த வகுப்பில் பஞ்சமே இல்லை. மேஜை மேல் குர்ஆன் இருந்தது, பைபிள் இருந்தது, சரஸ்வதி படத்துக்கு முன்னால் கற்பூரத் தட்டும் இருந்தது. தலைமையாசிரியரே கற்பூரத்தை ஏற்றினார்.

முதலில் சந்தானகிருஷ்ணன். சுடருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனவன் சடக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டான். கிதிர் முகம்மது குர்ஆன் இருந்த பக்கம் பார்க்காமல் தள்ளி நின்றான். அருளப்பன் அழுதுவிடுவான் போலிருந்தது.

மந்திரமூர்த்தி மூன்று முகங்களையும் ஒரு தடவை பார்த்தார். அவருக்கும் வேர்த்தது.

“ஒரு நிமிஷம் சார்,” என்று முன்னால் வந்தார். “அவனவன் வேதத்தை அவனவன் மதிக்கது ஒரு பெரிய காரியமா? அத வீட்டுலயே படிச்சிருதான். அடுத்தவன் வேதத்தை மதிக்கானான்னு பாருங்க. அதுக்குத்தான இந்த வகுப்பு? சத்தியத்தை மாத்தி வாங்குங்க.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி, உப்புமா தின்று காலம் தள்ளியவர் அவர். ஒரு வாத்தியார் யோசித்துப் பேசி அன்றுதான் கேட்கிறார்.

சந்தானகிருஷ்ணன் கைகால் கழுவிவிட்டு வந்து குர்ஆன் மேல் கை வைத்தான். கிதிர் முகம்மது பைபிளைத் தொட்டு நின்றான். அருளப்பன் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

“சத்தியமாக் குரங்குதான் சார்!”

மூன்று குரலிலும் துளி நடுக்கம் இல்லை. கணீரென்று கோயில் மணி மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அடுத்த மதத்து மேல இவ்வளவு மரியாதை! இந்தத் தேசம் பிழைச்சுக்கும் சார். இந்த வகுப்பு ஜில்லா முழுக்க வரணும்.” மந்திரமூர்த்தியின் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அங்கேயே சிபாரிசும் எழுதினார். போகிற போக்கில் குரங்குகளை ஒடுக்க ஏதாவது செய்யுங்கள் என்று தலைமையாசிரியரைக் கடிந்துகொண்டார்.

சாயங்காலம் மணி அடித்ததும் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடினார்கள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. மதில் ஓரம் போய்க் குனிந்தவர்கள், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள்.

மந்திரமூர்த்தி வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். கையில் பிரம்பு. முகத்தில் சிரிப்பு இல்லை.

சந்தானகிருஷ்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. “சார்... நெசத்தச் சொல்லிருதோம் சார்...”

வாத்தியார் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

“அடுத்தவன் வேதம் நம்மளக் கட்டாதுன்னு சொல்லிக்குடுத்தவன் நான்லா? என் பங்குப் பழம் எங்கலே?”